மாதாவின் பிளக்

பிரான்சிஸ்கா அக்கா சுப்பவைசராக வந்த நாளிலிருந்து எங்கள் நண்டுக் கொம்பனியில் அவருக்குப் பயப்படாமல் நிற்பது ஒரேயொரு ஆள்தான். வாசலடியில் இரும்பு ஸ்டாண்டின் மேல் நிற்கிற மடு மாதா. மற்ற எல்லோரும் அக்காவின் பூட்ஸ் சத்தம் கேட்டவுடன் முதுகை நிமிர்த்திக்கொள்வோம். எனக்கும் பயம் உண்டு, ஆனால் அது என் வாய்க்குத் தெரியாது. "றஞ்சிதா, உன்ர நாக்கைக் கொஞ்சம் ஐஸில வை" என்று அக்கா கிழமைக்கு ஒரு தரமாவது சொல்லாமல் விட்டதில்லை.

வேலை இதுதான். கரையில் வாங்கிய நண்டை அவித்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் நீளமான சில்வர் மேசையில் வரிசையாக இருந்து, ஓட்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுத்து, ஐஸின் மேல் இருக்கிற தட்டில் போடவேண்டும். சதையோடு ஒரு துண்டு ஓடு போய்விட்டால் அக்கா அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து, கொலை நடந்த வீட்டுக்கு வந்தவர் போல ஒவ்வொருத்தி முகமாகப் பார்ப்பார். வெளியே சோளகக் காற்று மணலை அள்ளி அடிக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஏசிக் குளிரில் எங்களுக்குப் பல்லுக் கிட்டும். மத்தியானம் ஆகும்போது விரல்கள் எங்களுடையவை இல்லை.

அதனால் ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் செருகி வைத்திருந்தோம். றினோஸா வாளித் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டர் கம்பி கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் போன உயிர் திரும்பி வரும். தேத்தண்ணி வைக்க நான் என் கேத்தலைக் கொண்டுவந்தேன். அதன் வயர் ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைச் சுற்றி அதற்கு நானே வைத்தியம் பார்த்திருந்தேன். ஒரே மல்டி பிளக்கில் எல்லோருடைய போன் சார்ஜர்களும் முருங்கைக்காய் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன.

நிலமெல்லாம் எந்நேரமும் ஈரம் என்பதால், கரண்டை வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிச் அடிக்கடி விழும். விழுந்தால் ஏசி நிற்கும், லைட் நிற்கும். அதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, கொஞ்ச நேரம் கதைக்கலாம். ஆனால் மாதாவுக்கு முன்னால் எரிகிற சின்னச் சிவப்பு லைட்டும் சேர்ந்து அணைந்துவிடும். அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஆண்கள் கடலில் நிற்கிற நேரத்தில் மாதாவின் விளக்கு அணையலாமா என்று எல்லோருமாக அக்காவிடம் போய் நின்றோம். அக்காவின் வீட்டிலும் கடலுக்குப் போகிறவர்கள்தான். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. றினோஸாவின் மச்சான் வின்சன்ட் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவன் வந்து, ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலேயே ஒரு வயரைப் பிரித்தெடுத்து, மாதாவின் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு பிளக் பேஸ் பூட்டிவிட்டான். இனி ட்ரிப் விழுந்தாலும் மாதாவின் லைட் எரியும்.

"இதில இந்த லைட் மட்டும்தான். வேற ஒண்டும் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்தச் சந்தோசத்தில் நாங்கள் கொண்டைக்கடலை அவித்துப் பகிர்ந்தோம். நத்தார் வந்தபோது நட்சத்திர லைட்டுக்காக அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகினோம். நத்தார் போய்விட்டது, மல்டி பிளக் போகவில்லை. மாதாவின் பிளக்கில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்ற நினைப்புத்தான் எங்களுக்கு.

இனி வேணுஜாவைச் சொல்லவேண்டும். வெள்ளாங்குளத்துப் பக்கம் வயல் செய்கிற சைவ சமயக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் ஊர் ஜெனோஜனை விரும்பிக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தவள். வந்த புதிதில் நண்டைத் தொடவே கூசினாள், பிறகு எங்களில் பலரைவிட வேகமாக உடைத்தாள். நல்ல பிள்ளை. ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்க அவளுக்கு வாய் வராது. சோற்றுக்கு உப்புக் காணாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்கமாட்டாள், சப்பென்று தின்றுவிட்டு எழும்புவாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளை பிறந்து நாலாம் மாதமே அவள் வேலைக்குத் திரும்பி வந்தாள். சோளகத்தில் ஜெனோஜனின் படகு பாதி நாள் கரையில்தான் கிடந்தது. வீட்டில் மாமி பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பிரச்சினை பாலில் வந்தது. டின்னில் வருகிற மாப்பாலைக் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை வயிற்றால் போய்க் கண் உள்ளே போய்விடும். ஒரு தரம் ஆஸ்பத்திரியில் வைத்து சேலைன் ஏற்றி எடுத்தார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று மருத்துவிச்சி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மத்தியானத்தில் பாலை எடுத்து வைக்காவிட்டால் அடுத்த நாள் பகலுக்குப் பிள்ளைக்கு ஒன்றும் இராது. எடுக்காமல் விட்டால் நெஞ்சு கட்டி, பின்னேரம் அவள் குனிய முடியாமல் நிற்பாள். கையால் எடுத்துப் பார்த்தாள். ஐஸில் விறைத்த விரல் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ஜெனோஜனின் அக்கா பிரான்ஸிலிருந்து தான் பாவித்த பால் எடுக்கிற மெசினைப் பார்சலில் போட்டு அனுப்பினார். கைக்குள் அடங்குகிற சின்ன மெசின், கிர்ர் கிர்ர் என்று பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிளக் அந்த நாட்டுப் பிளக், இரண்டு உருண்டைக் கால். எங்கள் பிளக் பேஸில் மேல் ஓட்டைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு நெம்பினால்தான் அது உள்ளே போகும். போனாலும் பிடித்து நிற்காது. பார்சலில் நசுங்கி அதன் ஒரு பக்கம் வெடித்தும் இருந்தது. ஜெனோஜன் அதற்கு டேப் சுற்றிக் கொடுத்திருந்தான். வேணுஜா சாப்பாட்டு அறை மூலையில் துவாய்க்குள் மறைந்திருந்து பாலை எடுத்துப் போத்தலில் விட்டு ஐஸில் வைப்பாள். நண்டுக்குக் கிடைக்கிற ஐஸ் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். பிள்ளை தேறி வந்தது. கன்னத்தில் சதை பிடித்துவிட்டது என்று அவள் போனில் படம் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து, மின்சாரச் சாமான்களைச் சோதிக்கிற பாதுகாப்பு ஐயா வந்தார். நீர்கொழும்பு ஆள், வேதக்காரர், உடைந்த தமிழில் சிரித்துச் சிரித்துப் பேசினார். விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு, சின்னப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, "வீட்டு சாமான் எல்லாம் கொண்டு வாங்கோ, நான் பாத்து நல்லதுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறன். ஸ்டிக்கர் இல்லாட்டி இங்க போட வேணாம்" என்றார். பறிக்கப்போகிறார் என்று நினைத்து முதலில் ஒருத்தியும் அசையவில்லை. அக்காதான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போய் வைத்தார். போன் சார்ஜர்கள் பல தப்பின. றினோஸாவின் ஹீட்டர் கம்பியைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் கேத்தலின் பிளாஸ்டரை விரலால் தடவிப் பார்த்து, "இவருக்கு எங்க காயம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கேத்தலோடு சேர்த்து அவித்திருப்பேன்.

ட்ரிப் சுவிச்சையும் அமத்திக் காட்டினார். ஈரத்தாலோ ஆளுக்குள்ளாலோ கரண்ட் ஒழுகினால், உயிரை எடுக்க முதல் இது விழுந்து காப்பாற்றும் என்றார். அதனால் அது விழும்போது திட்டக்கூடாதாம். போகிற வழியில் மாதாவுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டு, முழந்தாளில் ஒரு நிமிடம் நின்றார். ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை.

வேணுஜா மெசினைக் கொண்டுபோகவே இல்லை. கொண்டுபோய் வைத்திருந்தால் வெடித்த பிளக்கை மாற்றச் சொல்லி ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால், ஊர் பேர் தெரியாத ஒரு ஆம்பிளையின் மேசையில், இது இன்னதுக்கு என்று சொல்லி அவள் எப்படி வைப்பாள்? பைக்குள் போட்டு மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள். அன்று பின்னேரமே அக்கா சாப்பாட்டு அறைப் பிளக்குகளில் ஒன்றை மட்டும் சார்ஜர்களுக்கு விட்டுவிட்டு, மற்றவற்றை டேப்பால் ஒட்டி மூடினார். அந்த ஒன்றும் அக்காவின் கந்தோர்க் கண்ணாடிக்கு நேரே இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வேணுஜா பால் எடுக்கவில்லை. பின்னேரம் சட்டையின் முன்பக்கம் நனைந்து, அதை ஏப்ரனால் மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். "அக்காட்டப் போய்க் கேளன். கடிச்சா திண்டிடுவா?" என்றேன். "வேணாம் அக்கா, இல்லை எண்டிட்டா பிறகு ஒண்டும் செய்யேலாது" என்றாள். அதுவும் உண்மைதான். அக்கா ஒருதரம் இல்லை என்றால் அது இல்லைதான்.

வழியைக் கண்டுபிடித்தது றினோஸா. மாதாவின் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஏப்ரன்களைக் கொழுவுகிற ராக்கை இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குந்தி இருக்கலாம். பிளக்கும் அங்கே இருந்தது. அந்தப் பிளக்கில் கை வைக்க அக்காவே துணியமாட்டார். மெசினின் சத்தம் கேட்குமே என்று ஒருத்தி கேட்டாள். "அதுக்குத்தானே எங்களுக்கு வாய் இருக்கு" என்றாள் றினோஸா.

மத்தியான மணி அடித்தால் எல்லோருமாக மூவேளைச் செபம் சொல்வது எங்கள் வழக்கம். இரண்டு நிமிட வேலை. மடுத் திருவிழா வருகிறது, அதற்காக நவநாள் தொடங்குகிறோம் என்று அக்காவிடம் சொல்லி, அதோடு செபமாலையும் சேர்த்துக்கொண்டோம். பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மாதாவுக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியச் செபித்தோம். ஏப்ரன்களுக்குப் பின்னால் கிர்ர் கிர்ர். றினோஸாவின் குரல் பேசாலைக் கரைக்கே கேட்கும், மெசின் எந்த மூலைக்கு? வேணுஜா சைவம் என்றாலும் மாதாவுக்கு முன்னால் பூட்ஸோடு போனதில்லை. எங்களைவிட முதலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பின்னால் நுழைவாள்.

ஒன்பது நாளில் முடியவேண்டிய நவநாள் முடியவே இல்லை. இவ்வளவு பக்தியை எங்கள் பங்குத்தந்தைகூடக் கண்டிருக்கமாட்டார். அக்கா கந்தோர்க் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருப்பார். ஒரு நாளும் வந்து நிற்கவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவும் இல்லை. நாங்கள் அவரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குச் சரியான புளுகம், உள்ளுக்குள் சிரிப்பு.

அன்று திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. வேலை வழக்கத்தைவிடக் கூட. நிலத்தைக் கழுவிய தண்ணீர் மாதாவின் அடியில் தேங்கி நின்றது. மணி அடித்ததும் வேணுஜா சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, துடைக்க நேரமில்லாமல் ஓடிப்போய்ப் பின்னால் குந்தினாள். நாங்கள் தொடங்கினோம். கிர்ர் கிர்ர் என்று மெசினும் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, ஜெனோஜனின் படகையும் எங்கள் வீட்டுப் படகையும் சேர்த்து மாதாவிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.

கந்தோர்க் கதவு படாரென்று அடித்தது. அக்கா பூட்ஸோடு ஓடி வந்தார், செபத்துக்கு நடுவில், எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு.

"சத்தம் ஏன் நிண்டது?" என்றார்.

"என்ன சத்தம் அக்கா?" என்றாள் றினோஸா அப்பாவியாக.

"வேணுஜான்ர மெசின். நிண்டு எவ்வளவு நேரம்?"

எங்களுக்குத் தெரியாது. எங்கள் குரலைத் தவிர எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா ஏப்ரன்களை இழுத்து எறிந்தார். வேணுஜா ஒரு கையால் பிளக்கைப் பிடித்தபடி, மறு கையால் ஸ்டாண்டின் இரும்புக் காலைப் பற்றியபடி கிடந்தாள். வாய் திறந்திருந்தது. உடம்பு உதறியது. இரண்டு வெறுங்கால்களும் தண்ணீருக்குள் இருந்தன.

றினோஸா ஓடிப்போய் ட்ரிப் சுவிச்சைத் தட்டிவிட்டாள். லைட்டெல்லாம் போனது, ஏசி நின்றது, ஒரே இருட்டு. அப்பாடா என்று நான் வேணுஜாவைத் தூக்கக் குனிந்தேன். அக்காவின் முழங்கை என் நெஞ்சில் இடித்தது. நான் பின்னால் போய் விழுந்தேன்.

"தொடாத. லைட் எரியுது" என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கட்டிடம் முழுக்க இருட்டு, மாதாவின் சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் கேட்டு வாங்கிய லைட். அது எரியும் வரைக்கும் வேணுஜாவின் உடம்புக்குள் கரண்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மெயினை நிப்பாட்டு, வெளிச் சுவரில இருக்கு, ஓடு" என்று றினோஸாவிடம் சொல்லிக்கொண்டே அக்கா காய்ந்த பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தூக்கினார். அதன் விளிம்பால் வேணுஜாவின் கையை ஒரே தள்ளாகத் தள்ளினார். பிளக் கையை விட்டுப் போனது. வேணுஜா மூட்டை சரிகிற மாதிரிச் சரிந்தாள். அதற்குப் பிறகுதான் வெளியே மெயின் விழுந்து மாதாவின் லைட் அணைந்தது. கூடியிருந்தவர்களில் ஒருத்திக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அக்கா அவள் முகத்தில் தட்டித் தட்டிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் அவள் ஒரு மூச்சை இழுத்து, இருமி, அழத் தொடங்கியபோது, அந்த அழுகையைக் கேட்டு நாங்களும் அழுதோம்.

ஐஸ் ஏற்றுகிற வான் வண்டியிலேயே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்காவும் நானும் பின்னால் அவளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தோம். உள்ளங்கையிலும் இரண்டு விரலிலும் தீக்காயம். இதயத்தைப் படமெடுத்துப் பார்த்த டொக்டர் தப்பியது பெரிய காரியம் என்றார். இருந்தும் வார்ட்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

கட்டிலில் படுத்தபடி வேணுஜா என்னிடம் ஒன்று சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "பிளக் கழண்டு வந்தது, அமத்தினன். டேப் வழுக்கிக்கொண்டு போட்டுது. முதல்ல நான் கத்தினனான் அக்கா. நீங்கள் செபம் சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்."

என் வாய் அடங்கிப்போன நாள் அதுதான்.

பின்னேரம் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாப்பாலைத் துப்பித் துப்பி அழுது பிள்ளையின் தொண்டை கம்மியிருந்தது. டொக்டர் பால் கொடுக்கலாம் என்றார். வேணுஜாவின் ஒரு கை பந்தாகக் கட்டப்பட்டிருந்தது, மற்றக் கையால் மட்டும் பிள்ளையைத் தாங்க முடியவில்லை. அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளையை வாங்கி, தன் கையாலேயே தாயின் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிள்ளை மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு குடித்தது. அக்காவின் முதுகு அப்படி வளைந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"மெசின் விசயம் எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார் அக்கா, பிள்ளையைப் பார்த்தபடி. "கதவைத் திறந்து வச்சு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தனான். உன்னட்டக் கேட்டால் நான் கூடாது எண்டு சொல்லவேண்டி வரும். அதால கேக்கேல்லை."

"நீங்கள் கூடாது எண்டு சொல்லுவியள் எண்டுதான் நானும் கேக்கேல்லை" என்றாள் வேணுஜா.

ஒருவருக்கு ஒருவர் இரக்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தாயைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

நடந்ததை விசாரிக்கக் கொம்பனி மனேஜர் வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வேணுஜாவும் கைக்கட்டோடு வந்திருந்தாள். அவர் கெட்ட மனுசன் இல்லை, பயந்த மனுசன். வின்சன்ட் இழுத்த வயர் அதற்குள் கழற்றப்பட்டிருந்தது. சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து மாதாவின் லைட்டையும் ட்ரிப் சுவிச்சுக்குள் கொண்டுவந்திருந்தார். அது இனி எல்லா லைட்டோடும் சேர்ந்து அணையும். இந்தத் தரம் நாங்கள் ஒருத்தியும் அதற்காக அக்காவிடம் போய் நிற்கவில்லை. மனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, வீட்டு மின்சாரச் சாமான் ஒன்றுகூட இனி வாசலைத் தாண்டக்கூடாது என்றார். பிறகு வேணுஜாவின் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார்.

"நீங்கள் வீட்டில இருந்து பிள்ளையைப் பாருங்கோ தங்கச்சி. பிள்ளை வளந்தாப் பிறகு வாங்கோ. அப்ப இடம் இருந்தாப் பாப்பம்."

எல்லோருக்கும் அதன் அர்த்தம் விளங்கியது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குத் தெரிந்த வேணுஜா என்றால் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

அவள் போகவில்லை. தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு ஒரு பிளக் வேணும் சேர்" என்றாள். "ஈரமில்லாத இடத்தில. கதவு பூட்டுற இடத்தில. மெசினுக்குப் புதுப் பிளக் போட்டாச்சு, அந்த ஐயாட்ட நான் காட்டுறன், ஸ்டிக்கர் ஒட்டட்டும். மத்தியானத்தில எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். பிள்ளைக்குப் பால் எடுக்க."

அத்தனை பேருக்கு முன்னால் அவள் அதைச் சொல்லிவிட்டாள். மனேஜர் காது சிவந்து கூரையைப் பார்த்தார். "அது... யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

"யோசிக்க ஒண்டும் இல்லை சேர்" என்றார் அக்கா. "என்ர கந்தோர் காய்ஞ்ச அறை. பூட்டு இருக்கு. பிளக் ட்ரிப்புக்குள்ளதான், நான் நிண்டு பாத்தனான். மத்தியானத்தில அது வேணுஜாக்கு. நான் வெளிய மேசையில இருந்து எழுதுவன்." மனேஜர் கூரையைப் பார்த்தபடியே, சரி என்று தலையை ஆட்டினார்.

பாதுகாப்பு ஐயா மறுபடி வந்தபோது வேணுஜா மெசினைத் தானே கொண்டுபோய் மேசையில் வைத்தாள். இது எதற்கு என்றும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கவனமாகப் பார்த்து, ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார்.

அவள் திரும்ப வேலைக்கு வந்த நாள் மத்தியானம், செபம் மூவேளைச் செபத்தோடு முடிந்துவிட்டது. அக்கா அவளைக் கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் கதவடியில் நின்றேன். கட்டு அவிழ்த்த கையில் புதுத்தோல் சிவந்திருந்தது. பிளக்கைக் கையில் எடுத்தவள், ஓட்டைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அக்கா கையை நீட்டி, "தா, நான் போட்டுவிடுறன்" என்றார்.

"வேணாம் அக்கா. கேட்டது நான். நானே போடுறன்."

அவள் இரண்டு கையையும் துவாயால் துடைத்தாள். ஒருதரம் போதாமல் இன்னொருதரம் துடைத்தாள். காலைக் குனிந்து பார்த்தாள், பூட்ஸ் இருந்தது. பிறகு பிளக்கைச் செருகி சுவிச்சைப் போட்டாள். அக்கா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பார்த்து, "நண்டு கிடந்து காயுது, போ" என்றார்.